குல்லா மக்கள் காத்த மெண்டேப் பாடல்

ஒரு சமூகத்தின் வரலாற்றுக்கு ஏடும் சாசனமுமே சான்று எனக் கொள்ளுதல் ஒருதலையான முடிபாகும். எழுத்து மறுக்கப்பட்ட மக்கள் தம் வரலாற்றை நாவிலும் செவியிலும் போற்றினர். இதற்குச் சான்றாக அமெரிக்க நாட்டுக் குல்லா மக்களின் பாடல் ஒன்றை ஈண்டு ஆராய்வோம்.

தென் கரோலினா, ஜார்ஜியா மாநிலங்களின் கடற்கரையிலும் தீவுகளிலும் வாழும் குல்லா மக்கள், நெல், பருத்தித் தோட்டங்களில் உழைக்க ஆப்பிரிக்காவினின்று அடிமைகளாகக் கொணரப்பட்டோரின் வழியினர். இவர்தம் பேச்சைச் சிதைந்த ஆங்கிலம் என முன்னையோர் பலர் இகழ்ந்தனர். கறுப்பின மொழியறிஞரான லொரென்சோ டௌ டர்னர் 1930-களில் அப்பேச்சை ஒலிப்பதிவு செய்து, 1949-இல் வெளியிட்ட நூலில் ஆப்பிரிக்க மூலமுடைய சொற்களை ஆயிரக்கணக்கில் தொகுத்தார். அவற்றுட் பெரும்பாலன மக்கட்பெயர்கள். வெளியார்க்கு ஓர் ஆங்கிலப் பெயரும் வீட்டுக்கு வேறொரு பெயருமாக வழங்கிய மரபே அவற்றைக் காத்தது.

ஜார்ஜியாவின் ஆரிஸ் நெக் என்னும் ஊரில் அமீலியா டாலி என்னும் பெண்மணி டர்னருக்கு ஒரு பாடலைப் பாடினார். அதன் பொருளை அவர் அறியார். சியரா லியோன் நாட்டு மாணவர் ஒருவர் அதன் மொழி மெண்டே எனக் கண்டறிந்தார். 1942-இல் விமானத் தளத்திற்காக ஆரிஸ் நெக் மக்களின் நிலங்களை அரசு கைக்கொண்டது. 1962-இல் அவ்விடம் வனவிலங்குப் புகலிடமாயிற்று. நிலம் போயினும் பாடல் போகவில்லை. டாலியின் மகள் மேரி மோரன் அதனை நினைவிற் கொண்டிருந்தார்.

பின்னர் ஜோசப் ஒப்பாலா, சிந்தியா சிமிட், தாசியெஃப் கொரோமா ஆகியோர் இதன் மூலத்தைத் தேடினர். பாடலின் ஒரு சொல் தென் சியரா லியோனின் கிளைமொழிக்கே உரியது எனக் கொரோமா உணர்ந்தார். அவ்வழிச் சென்ற சிமிட், செனெகுன் ங்கோலா என்னும் சிற்றூரில் ஏறக்குறைய அதே பாடலைப் பாடும் பெண்ணொருவரைக் கண்டார். அது இறந்தோர்க்குரிய சடங்குப் பாடல். மெண்டே மக்களிடையே இத்தகைய சடங்குகள் மகளிர்க்கு உரியன. இருபுறத்தும் பாடலைக் காத்தவர் மகளிரே என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 1997-இல் மோரன் அவ்வூர்க்குச் சென்றார்.

இதனால் மோரனின் முன்னோர் அவ்வூரினரே என முடிவு கட்டுதல் பொருந்தாது. பாடல் ஊர்விட்டு ஊர் பரவும் இயல்பினது. கிளைமொழிச் சொல் நிறுவுவது நிலப்பகுதியை மட்டுமே. ஆயினும் அடிமை வாணிகம் அறுத்தெறிந்த தொடர்பை ஒரு சொல் மீட்டுத் தந்தது. பொருள் அறியாமையால் சொல்லை மாற்ற இடமின்றி, தாய் பாடியவாறே மகள் பாடினாள் எனக் கருதலாம். ஆதலின், பொருள் விளங்காத தொடரை வாய்மொழிப் பாடல்களிற் காணுமிடத்து, பிழையெனத் திருத்தாது கேட்டவாறே பதிதல் ஆய்வாளர் கடன் என்பது பெறப்படும்.