முதல் பிள்ளை ஆப்பரேஷன், இரண்டாவதும் அப்படித்தானா?

முதல் பிரசவம் ஆப்பரேஷனில் முடிந்த பெண் மீண்டும் கர்ப்பம் என்று தெரிந்ததும் வீட்டில் இரண்டு குரல்கள் எழும். "ஒரு தடவ வயித்தக் கீறியாச்சு, இனிமே எல்லாமே கீறல்தான்" என்பது ஒன்று. "எங்க பாட்டி பத்துப் பிள்ளையத் தோட்டத்து லயத்துலயே பெத்தாங்க, உனக்கு மட்டும் என்னவாம்?" என்பது மற்றொன்று. இரண்டுமே அந்தப் பெண்ணின் கருப்பையில் என்ன நடந்தது என்று தெரியாமல் சொல்லப்படுபவை.

ஆப்பரேஷனுக்குப் பிறகு அடுத்த குழந்தையை இயல்பான வழியில் பெற முடியும். உலகம் முழுவதும் பெண்கள் பெறுகிறார்கள். நம் அரசாங்க மருத்துவமனைகளிலும் இது புதிதல்ல. மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக 'விபேக்' என்பார்கள். பேச்சுவாக்கில் 'ட்ரையல் ஆஃப் ஸ்கார்' என்ற சொல்லும் காதில் விழும். பழைய தழும்பு பிரசவ வலியைத் தாங்குகிறதா என்று கண்காணிப்போடு பார்ப்பதுதான் அது. ஆனால் எல்லாருக்கும் இது பொருந்தாது. யாருக்குப் பொருந்தும் என்பதைத் துணிச்சலை வைத்து முடிவு செய்ய முடியாது. பழைய ஆப்பரேஷனின் பதிவுதான் அதைச் சொல்லும்.

"ஒரு முறை சிசேரியன் என்றால் என்றும் சிசேரியன்" என்ற கருத்து 1916-இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிரேகின் சொன்னதிலிருந்து பரவியது. அக்காலத்தில் கருப்பையின் மேல்பகுதியில் நெடுக்காகக் கீறுவார்கள். அந்தத் தழும்பு அடுத்த பிரசவ வலியில் பிளந்துவிடும் ஆபத்து உண்மையிலேயே அதிகம். பின்னாளில் கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறும் முறை வழக்கமானது. அந்த இடம் வலியின்போது மேல்பகுதியைப் போல வலுவாகச் சுருங்குவதில்லை. தழும்பும் நன்றாகத் தாங்கும். முறை மாறிவிட்டது, பழைய வாக்கியம் மட்டும் நம் வீடுகளில் இன்னும் நிற்கிறது.

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பைப் பார்த்து உள்ளே கருப்பையில் எப்படிக் கீறினார்கள் என்று சொல்ல முடியாது. வெளியே குறுக்குக் கோடு இருந்தாலும் உள்ளே நெடுக்காக வெட்டியிருக்கலாம். குறைமாதக் குழந்தை, குறுக்காகக் கிடந்த குழந்தை, கீழே இறங்கிய நஞ்சுக்கொடி போன்ற நிலைகளில் சில சமயம் அப்படிச் செய்ய நேரும்.

அதனால் முதல் வேலை, பழைய ஆப்பரேஷனின் பதிவைத் தேடி எடுப்பது. வீட்டுக்கு அனுப்பும்போது தந்த டிஸ்சார்ஜ் தாள் பழைய பிங்க் புத்தகத்துக்குள் மடித்து இருக்கலாம். இல்லாவிட்டால் அறுவை நடந்த மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் 'லாப்போரான் பெருபாத்தான்' கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் உண்டு, கைக்குக் கிடைக்கச் சில வாரங்களும் ஆகலாம். அதனால்தான் எட்டாவது மாதம் வரை காத்திருக்காமல், கர்ப்பம் உறுதியானதுமே கேட்டுவிடுவது நல்லது. தனியார் மருத்துவமனையில் முதல் பிள்ளையைப் பெற்று, இரண்டாவதற்கு அரசாங்கக் கிளினிக் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்குள்ள தாதிக்கு உங்கள் பழைய கோப்பு தெரியாது.

அந்தத் தாளில் இரண்டு விவரங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். கருப்பையில் எங்கே, எப்படிக் கீறினார்கள் என்பது ஒன்று. ஏன் ஆப்பரேஷன் செய்தார்கள் என்பது அடுத்தது. குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் உட்கார்ந்த நிலையில் இருந்தது என்பது காரணமானால், அது இந்த முறை திரும்ப வராமலே போகலாம், வாய்ப்பு நல்லது. மணிக்கணக்கில் வலி வந்தும் கருப்பை வாய் திறக்கவில்லை, அல்லது தலை இறங்கவே இல்லை என்றால் வாய்ப்பு குறையும். ஆனால் இல்லாமல் போவதில்லை. இதற்கு முன்போ பின்போ ஒரு குழந்தையாவது இயல்பாகப் பிறந்திருந்தால், அதைவிட நல்ல அறிகுறி வேறில்லை.

எண்கள் என்ன சொல்கின்றன?

பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2015-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, ஒரே ஒரு சிசேரியனுக்குப் பிறகு இயல்புப் பிரசவத்துக்குத் திட்டமிடும் பெண்களில் 100-க்கு 72 முதல் 75 பேருக்கு அது கைகூடுகிறது. முன்பு ஒரு முறை இயல்பாகப் பெற்றவர்களுக்கு அது 85 முதல் 90 வரை உயர்கிறது. உடல் எடை அதிகம், வலியை மருந்தால் வரவழைப்பது, இதுவரை இயல்பாகப் பெற்றதில்லை, முதல் ஆப்பரேஷனுக்குக் காரணம் பிரசவம் முன்னேறாதது ஆகிய நான்கும் ஒருவரிடமே சேர்ந்தால் 40 அளவுக்கு இறங்கிவிடுகிறது.

எல்லாரும் பயப்படும் ஆபத்து, தழும்பு பிளப்பது. தானாக வலி வந்து பெறும்போது சுமார் 200 பேரில் ஒருவருக்கு அது நேர்கிறது. சிறிய எண்தான். ஆனால் நேர்ந்தால் தாய்க்குப் பெரும் இரத்தப்போக்கு, குழந்தைக்கு மூச்சுத் திணறல், சில சமயம் கருப்பையையே எடுக்க வேண்டிய நிலை. நிமிடக் கணக்கில் ஆப்பரேஷன் அறைக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் டூலாவை வைத்துப் பெறலாம் என்று சமூக ஊடகத்தில் படித்தவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்க வேண்டும். டூலா கையைப் பிடித்துத் தைரியம் சொல்லலாம். ஆப்பரேஷன் அறையைக் கையோடு கொண்டுவர முடியாது.

மறுபக்கமும் உண்டு. நாள் குறித்துச் செய்யும் ஆப்பரேஷனில் தழும்பு பிளப்பது மிக அரிது. எல்லாம் பகல் நேரத்தில், ஆயத்தமாக நடக்கும். ஆனால் புண் ஆறுவதற்கு நாள் ஆகும், மூத்த பிள்ளையைத் தூக்க முடியாது, பிறந்த குழந்தைக்குக் கொஞ்ச காலம் மூச்சுத் தொல்லை வரும் வாய்ப்பும் சற்று அதிகம். இயல்புப் பிரசவத்துக்கு முயன்று, நடுவில் அவசர ஆப்பரேஷனில் முடிந்தால் தொற்று, இரத்தப்போக்கு போன்ற சிக்கல்கள் இந்த இரண்டையும் விட அதிகம். அந்த நான்கில் ஒருவராக நாம் இருக்கலாம் என்று தெரிந்தே முடிவெடுக்க வேண்டும்.

தழும்பு நெடுக்காக இருப்பவர்கள், முன்பு கருப்பை பிளந்தவர்கள், நஞ்சுக்கொடி வழியை மறைத்தபடி இருப்பவர்கள் ஆகியோருக்கு ஆப்பரேஷன்தான் வழி. இரண்டு சிசேரியன் முடிந்தவர்களுக்குப் பெரும்பாலான மருத்துவர்கள் தயங்குவார்கள். நிபுணரிடம் தனியே பேச வேண்டிய விஷயம் அது.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு

நகரத்துப் பெண்ணுக்கு மருத்துவமனை பத்து நிமிடம். செம்பனைத் தோட்டத்தின் உள்ளே இருப்பவருக்கு மண் சாலை தாண்டி மெயின் ரோட்டுக்கு வரவே அவ்வளவு நேரமாகும். இயல்புப் பிரசவத்துக்குத் திட்டமிடுவது என்றால் இந்தத் தூரத்தையும் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும். நள்ளிரவில் வலி வந்தால் யார் கார் எடுப்பார்கள்? கணவர் இரவு ஷிப்டில் இருந்தால்? பக்கத்து மருத்துவமனையில் 24 மணி நேரமும் ஆப்பரேஷன் அறையும் மயக்க மருந்து மருத்துவரும் உண்டா, அல்லது அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்களா? அனுப்புவார்கள் என்றால், கடைசி வாரங்களில் நகரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கோ சித்தி வீட்டுக்கோ போய் இருப்பது நல்ல யோசனை. தாய்வீட்டுக்குப் போகும் வழக்கம் நமக்கு ஏற்கெனவே உண்டு. இந்த முறை மருத்துவமனைக்கு அருகில் இருக்கும் வீடாகப் பார்த்துக்கொள்ளலாம்.

வலி தொடங்கியதும் வீட்டிலேயே பொறுத்துக்கொண்டு கடைசியில் கிளம்பும் பழக்கம் தழும்பு உள்ளவர்களுக்கு வேண்டாம். வலி ஆரம்பித்தாலும், பனிக்குடம் உடைந்தாலும், இரத்தம் பட்டாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையிலும் தழும்பு இருக்கும் இடத்தில் விடாமல் வலித்தால் 999-க்கு அழையுங்கள். மருத்துவமனையில் குழந்தையின் இதயத் துடிப்பை இடைவிடாமல் பதிவு செய்வார்கள். தழும்பு பிளக்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது அந்தத் துடிப்புதான். அதனால் வயிற்றில் கட்டிய பெல்ட் தொந்தரவாக இருந்தாலும் கழற்றச் சொல்லாதீர்கள். முதுகில் போடும் வலி மறக்கும் ஊசி தழும்பு உள்ளவர்களுக்குக் கூடாது என்பது உண்மையல்ல.

வலி சீக்கிரம் வர ரும்புட் பாத்திமா ஊறிய நீர், விளக்கெண்ணெய் என்று யாராவது கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கருப்பையைக் கட்டுப்பாடில்லாமல் சுருங்க வைக்கும் எதுவும் தழும்புக்கு ஆபத்து. மருத்துவமனையிலேயே மருந்து கொடுத்து வலியை வரவழைத்தால் பிளக்கும் ஆபத்து இரண்டு, மூன்று மடங்காகிறது. அங்கே அளவு பார்த்துக் கொடுக்கிறார்கள், கண்காணிக்கிறார்கள். வீட்டில் அது முடியாது.

நம் சமூகத்தில் இந்தக் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் இனிப்பு நீர். கர்ப்பக் காலத்தில் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் குழந்தை பெருக்கிறது. தானாக வலி வரும் வரை காத்திருக்கவும் மருத்துவர் விரும்ப மாட்டார். விபேக் வேண்டும் என்று ஆசைப்படுபவர் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் சர்க்கரை நீர் குடித்துச் செய்யும் பரிசோதனையைத் தவறவிடாமல், தட்டில் சோற்றைக் குறைத்து, தினமும் நடப்பதுதான். வளைகாப்புப் பலகாரத்தில் ஒரு துண்டு போதும்.

இன்னொன்று. 'சுகப்பிரசவம்' என்ற சொல்லை நாம் இயல்புப் பிரசவத்துக்கு மட்டும் வைத்துவிட்டோம். அதனால் ஆப்பரேஷனில் பெற்றவள் ஏதோ தோற்றவள் போல ஆகிவிடுகிறாள். எந்த வழியானாலும் தாயும் பிள்ளையும் நலமாக வீடு வருவதற்குத்தான் அந்தச் சொல் பொருந்த வேண்டும். மாமியார் சொன்னதற்காக விபேக் கேட்பதும், பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்தியதற்காக மறுப்பதும் சரியல்ல. முடிவை மருத்துவரோடு பேசி 36 வாரத்துக்குள் பிங்க் புத்தகத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். 40 வாரம் தாண்டினால் என்ன செய்வது என்பதும் அதில் இருக்கட்டும்.

எத்தனை பிள்ளை வேண்டும் என்பதையும் அதே பேச்சில் சொல்லிவிடுவது நல்லது. இரண்டோடு போதும் என்பவருக்கு இரண்டாவது ஆப்பரேஷன் பெரிய சுமையாக இராது. மூன்று, நான்கு என்று நினைப்பவருக்குக் கணக்கு வேறு. ஒவ்வொரு ஆப்பரேஷனுக்குப் பிறகும் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் வேர்விட்டு ஒட்டிக்கொள்ளும் ஆபத்து கூடுகிறது. அப்படி ஒட்டினால் பிரசவத்தின்போது இரத்தம் கட்டுக்கடங்காமல் போகும். எந்த வழியில் பெற்றாலும் அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு ஆண்டு இடைவெளி விடச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒன்றரை ஆண்டுக்குள் அடுத்த பிரசவம் வந்தால் ஆறாத தழும்பு பிளக்கும் வாய்ப்பு அதிகம். குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை அதே தாய்சேய் நல கிளினிக்கில் கிடைக்கும். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் நாளிலேயே கேட்டுக்கொள்ளலாம்.