மூன்றில் இரண்டு: 1970உம் 2024உம்

மக்கள் விடுதலை முன்னணியை அச்சாணியாகக் கொண்டு 2019ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட தேசிய மக்கள் சக்தி, 2020ஆம் ஆண்டு பொதுத்தேர்தலில் பெற்றது வெறும் 3 ஆசனங்களே. அதே கூட்டணி 2024 நவம்பர் 14ஆம் திகதி நடைபெற்ற தேர்தலில் 159 ஆசனங்களைக் கைப்பற்றி ஆட்சிபீடம் ஏறியது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ் பேசும் மக்கள் இந்த வெற்றியை வியந்து நோக்குவதுடன் நின்றுவிடலாகாது என்றே நாம் கருதுகின்றோம். இந்த எண்ணிக்கை எதற்காகப் பயன்படுத்தப்படும் என்பதே நமக்குரிய கேள்வி.

2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியும் அதையடுத்த மக்கள் கிளர்ச்சியும் பழைய கட்சிகளைச் சிதறடித்தன. 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி அநுர குமார திஸாநாயக்க முதற்சுற்றில் பெற்றது 42.31 சதவீதமே, இந்நாட்டில் முதற்தடவையாக விருப்பு வாக்குகளையும் எண்ணியே ஜனாதிபதி தெரிவு செய்யப்பட்டார். இரண்டு மாதங்களில் நிலைமை மாறியது. யாழ்ப்பாண மாவட்டத்தில் செப்டெம்பரில் 8 சதவீதத்தைக் கூட எட்டாத தரப்பு, நவம்பரில் அங்குள்ள 6 ஆசனங்களில் மூன்றைப் பெற்றது. விகிதாசாரத் தேர்தல் முறையின் கீழ் தனியொரு தரப்பு 150 ஆசனங்களைத் தாண்டியது இதுவே முதற்தடவை.

ஆயினும், இடதுசாரிகள் மூன்றில் இரண்டு பலத்துடன் அமர்ந்ததை இந்நாடு முன்னரும் கண்டுள்ளது. 1970 மே மாதம் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி, லங்கா சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி ஆகியன இணைந்த ஐக்கிய முன்னணி, ஏறத்தாழ பாதி வாக்குகளைக் கொண்டே 151 தொகுதி ஆசனங்களில் 116ஐ வென்றது. அந்த அரசாங்கத்தில் அரசியலமைப்பு விவகாரங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் கொல்வின் ஆர்.டி. சில்வா.

வெள்ளவத்தை வாசகருக்கு அவர் அந்நியரல்லர். வெள்ளவத்தை நெசவாலையில் 1933இல் வேலைநிறுத்தம் செய்தோருள் இந்திய வம்சாவளித் தொழிலாளர் பலர் இருந்தனர். அவர்களுக்குத் துணைநின்ற இளம் இடதுசாரிகளே 1935இல் சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தனர். 1947இல் வெள்ளவத்தை–கல்கிசைத் தொகுதி கொல்வினைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1956இல் தனிச் சிங்களச் சட்டமூலம் வந்தபோது, ஒரு மொழி என்றால் இரு நாடுகளே விளையும் என எச்சரித்தவரும் அவரே.

அதே கொல்வின் முன்னின்று வரைந்த 1972ஆம் ஆண்டு யாப்பில் சோல்பரி யாப்பின் 29ஆவது பிரிவு அளித்த சிறுபான்மையோர் காப்பு இல்லாமற் போயிற்று. பௌத்தத்துக்கு முதன்மை இடமும் சிங்களத்துக்கு யாப்பு நிலையிலான ஆட்சிமொழித் தகுதியும் வழங்கப்பட்டன. கொள்கைப் பிடிப்புடைய ஒருவரால் கூட அமைச்சரவையில் இருந்துகொண்டு இதைத் தடுக்க இயலவில்லை என்பதா, அன்றி அவரே மாறிவிட்டார் என்பதா என்ற விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. சமசமாஜக் கட்சி 1975இல் அரசாங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. 1977இல் இரு இடதுசாரிக் கட்சிகளும் ஓர் ஆசனத்தையேனும் பெறவில்லை.

அந்த ஆட்சியை முற்றாக நிராகரிப்பதும் நியாயமாகாது. 1973ஆம் ஆண்டின் வீட்டு உச்சவரம்புச் சட்டம் கொழும்பில் வாடகைக்குக் குடியிருந்தோர் பலருக்கு வீடு கிடைக்க வழிசெய்தது. அதே சட்டத்தால் மேலதிக வீடுகளை இழந்தோரும் நம்மிடையே உளர்.

இன்றைய ஆளுந்தரப்பின் கடந்தகாலமும் மறக்கற்பாலதன்று. வடக்கு–கிழக்கு இணைப்பு 2006இல் உயர் நீதிமன்றத்தால் செல்லுபடியற்றதாக்கப்பட்டது ஜே.வி.பி.யினரின் மனுக்களின் பேரிலேயே. அக்கட்சி மாறிவிட்டது என்று நம்பியே 2024இல் பலர் வாக்களித்தனர். எனினும் அவ்வாண்டு நவம்பரில் பதவியேற்ற அமைச்சரவையில் முஸ்லிம் ஒருவரேனும் இடம்பெறவில்லை. பிரதிச் சபாநாயகர் பதவியும் பிரதியமைச்சர் பதவியும் வழங்கப்பட்டமை அக்குறையை நிவர்த்திக்கவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவதாக வாக்களித்தவர்களின் ஆட்சியிலேயே, 2025 மார்ச் மாதம், இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டியதற்காகக் கொழும்பில் கைதான முஸ்லிம் இளைஞர் ஒருவர் அச்சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டார்.

இவற்றை விடப் பாரதூரமானது, வாக்களிக்கப்பட்டுள்ள புதிய அரசியலமைப்பு. 2025 மே மாதத் தேர்தலில் கொழும்பு மாநகர சபையின் 117 ஆசனங்களில் 48ஐ மட்டுமே பெற்ற தேசிய மக்கள் சக்தி, பிறரது ஆதரவைத் திரட்டியே மேயர் பதவியைப் பெற வேண்டியிருந்தது. பாராளுமன்றத்தில் அதற்கு அத்தகைய நிர்ப்பந்தம் எதுவுமில்லை. ஆதலால் வரைவு எழுதி முடிக்கப்படுவதற்கு முன்னரே தமிழ், முஸ்லிம் கட்சிகளுடன் அரசாங்கம் பேச வேண்டும் என வலியுறுத்துகின்றோம். 1971இல் தமிழரசுக் கட்சியின் திருத்தங்கள் அரசியல் நிர்ணய சபையில் நிராகரிக்கப்பட்டு, அக்கட்சி வெளிநடப்புச் செய்தபின்னர், பேசுவதற்கு அங்கு எதுவும் எஞ்சியிருக்கவில்லை.