ஊர் பார்க்கவா கப்பல் ஏறுவது?

சொகுசுக் கப்பல் விளம்பரங்கள் ஊர்ப் பெயர்களைக் காட்டித்தான் ஆளை இழுக்கின்றன. சிங்கப்பூரில் ஏறினால் கோலாலம்பூர், பினாங்கு, பாங்காக். இத்தாலியில் ஏறினால் ரோம், பிளாரன்ஸ், நேப்பிள்ஸ் என்று பட்டியல் நீளும். கட்டணத்தை நாடுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கும் குடும்பத்துக்கு, விமானத்திலும் பஸ்ஸிலும் அலைவதைவிட இது மலிவு என்று தோன்றிவிடும். பின்னால் வரும் மனக்குறைகளில் பாதி இந்த வகுத்தல் கணக்கிலிருந்து பிறப்பவை. கப்பல் என்பது சாப்பாடும் பொழுதுபோக்கும் சேர்ந்த தங்குமிடம்; நடுநடுவே சில துறைமுகங்களில் நிற்கும். அதை ஊர் சுற்றிக் காட்டும் வாகனமாக நினைத்துச் சீட்டு வாங்கக் கூடாது. இதைத் தெளிவுபடுத்திக்கொண்டால் எந்தப் பாதை, எந்த அறை, எவ்வளவு பணம், யாரை அழைத்துப்போவது என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் எளிதில் பிடிபடும்.

முதலில் தூரத்தைப் பாருங்கள். விளம்பரத்தில் பாங்காக் என்று இருந்தால் பெரிய கப்பல்கள் நிற்பது பெரும்பாலும் லேம் சபாங்கில். அங்கிருந்து பாங்காக் நூறு கிலோமீட்டருக்கு மேல். கோலாலம்பூர் என்றால் கிள்ளான் துறைமுகம்; நகரத்துக்கு நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது. ரோம் என்றால் சுமார் 80 கிலோமீட்டர் தள்ளியுள்ள சிவித்தாவெக்கியா. பாரிஸ் என்று போட்டிருந்தால் அது லெ ஹாவ்ர். பாரிஸுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். காலை எட்டு மணிக்குக் கரை தொட்டு மாலை ஆறு மணிக்குப் புறப்படும் கப்பலில் பத்து மணி நேரம் கையில் இருப்பதுபோலத் தெரியும். வரிசையில் நின்று இறங்க ஒரு மணி நேரம், போய்வர நான்கு மணி நேரம், கப்பல் கிளம்புவதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும் என்பதால் இன்னொரு மணி நேரம் என்று கழித்தால் மிஞ்சுவது நான்கு மணி நேரம். அதில் மதியச் சாப்பாடும் உண்டு. ரோமைப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள இது போதும். ரோமைப் பார்க்கப் போதாது.

அந்த நான்கு மணி நேரத்துக்கும் உத்தரவாதம் இல்லை. வானிலையோ துறைமுக நெரிசலோ காரணமானால் ஒரு நிறுத்தத்தைக் கைவிடக் கப்பல் நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்பது பயண ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும் விதி. அந்தத் துறைமுகத்துக்கான கட்டணத்தைத் திருப்பித் தருவதோடு பெரும்பாலும் விஷயம் முடிந்துவிடும். இதற்கு நம் கரையிலேயே சான்று இருக்கிறது. 2022 ஜூனில் முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்த கோர்டிலியா நிறுவனத்தின் சென்னைக் கப்பல், விசாகப்பட்டினம் போய்விட்டுப் புதுச்சேரியிலும் நிற்பதாகத் திட்டம். கப்பலில் சூதாட்டக் கூடம் இருப்பது சர்ச்சையாகி, புதுச்சேரியில் அனுமதி கிடைக்கவில்லை. பயணிகள் புதுச்சேரியில் இறங்காமலே சென்னை திரும்பினார்கள். நீங்கள் வாங்கும் சீட்டு கப்பலுக்கானது. ஊர் கிடைத்தால் லாபம்.

நிறுவனங்கள் சொல்லும் சாட்சி

மக்கள் வாங்குவது கப்பலுக்கான சீட்டு என்பது கப்பல் நிறுவனங்களுக்கு நன்றாகத் தெரியும். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து ஓடத் தொடங்கிய ராயல் கரீபியனின் ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் 20 தளங்கள், ஏழு நீச்சல் குளங்கள், ஆறு நீர்ச்சறுக்குகள். நிரம்பினால் சுமார் 7,600 பயணிகள். ஊர் பார்க்கப் போகிறவருக்கு ஏழு நீச்சல் குளம் எதற்கு? அதே நிறுவனம் பஹாமாஸில் கோகோகே என்ற தனித் தீவையே கேளிக்கைப் பூங்காவாக மாற்றி, அதையும் ஒரு நிறுத்தமாக விற்கிறது. துறைமுகத்திலும் ஊர் வேண்டாம், நம் கடையே போதும் என்ற அளவுக்குத் தொழில் நகர்ந்திருக்கிறது.

காரணம் வருமானக் கணக்கில் இருக்கிறது. 2023ஆம் ஆண்டில் ராயல் கரீபியனின் மொத்த வருவாய் சுமார் 1,390 கோடி டாலர். அதில் சுமார் 430 கோடி, சீட்டு விற்பனைக்கு வெளியே கப்பலுக்குள் நடக்கும் செலவுகளிலிருந்தும் அவற்றைச் சார்ந்தவற்றிலிருந்தும் வந்தது. கார்னிவல் நிறுவனத்துக்கும் ஏறக்குறைய இதே விகிதம். அதாவது சீட்டுக்கு இரண்டு ரூபாய் கொடுப்பவர் சராசரியாக இன்னொரு ரூபாயை உள்ளே செலவழிக்கிறார். கல்யாண மண்டபத்தின் வாடகையை மட்டும் கேட்டுவிட்டுத் திருமணச் செலவை முடிவுசெய்ய முடியாதல்லவா, அதுபோலத்தான் கப்பல் கட்டணமும். பெரும்பாலான துறைமுகங்களில் கப்பல் நிற்கும்போது சூதாட்டக் கூடமும் வரியில்லாக் கடைகளும் மூடியிருக்கும். நடுக்கடலுக்குப் போனதும் திறக்கும். நீங்கள் கப்பலுக்குள் இருக்கும் நேரமே அவர்களுக்கு வரும்படி.

இதைத் தெரிந்துகொண்டால் பணத்தை முன்கூட்டியே கணக்குப் போடலாம். பொது உணவகத்தில் மூன்று வேளைச் சாப்பாடு, நீச்சல் குளம், மாலை நிகழ்ச்சிகள் ஆகியவை கட்டணத்துக்குள் வரும். மது, குளிர்பானம், சிறப்பு உணவகங்கள், வைஃபை, புகைப்படங்கள், அழகு நிலையம் ஆகியவை வராது. சர்வதேசக் கப்பல்கள் பலவற்றில் டிப்ஸ் தானாகவே கணக்கில் ஏறும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை. நான்கு பேர் நான்கு இரவு போனால் இதுவே 256 முதல் 320 டாலர். மதுத் தொகுப்பு வாங்கினால் ஒரே அறையில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் வாங்க வேண்டும் என்று சில நிறுவனங்கள் கட்டாயப்படுத்துகின்றன. அப்பா மட்டும் குடிக்கும் குடும்பத்துக்கு அது நஷ்டம். கைபேசியை ஏறியவுடன் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட வேண்டும். கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பில் தெரியாமல் இணைந்துவிட்டால் ரோமிங் பில் ஆளை அசத்திவிடும். தனியாகப் போகிறவர், இரண்டு பேர் அறைக்கான முழுக் கட்டணத்தையும் தானே கட்ட வேண்டியிருக்கலாம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

யாருக்கு லாபம்?

தங்குமிடம் என்ற கண்ணோடு பார்த்தால் கப்பலின் நிறைகளும் நேர்மையாகத் தெரியும். முழங்கால் வலியுள்ள பாட்டி, இரண்டு பள்ளிப் பிள்ளைகள், வேலையில் களைத்த பெற்றோர் என்று மூன்று தலைமுறை சேர்ந்து போகும் குடும்பத்துக்கு இதைவிட வசதியான விடுமுறை குறைவு. பஸ் சுற்றுலாவில் தினமும் விடியற்காலையில் பெட்டி கட்ட வேண்டும். கப்பலில் பெட்டியை ஒரு முறை திறந்தால் போதும். பகலில் அவரவர் விருப்பப்படி பிரிந்திருந்து இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்றுசேரலாம். லிஃப்ட், மருத்துவர், சைவ உணவு எல்லாம் கூப்பிடு தூரத்தில். இந்தக் குடும்பம் ஊர்ப் பட்டியலைத் தூர வைத்துவிட்டு, கடலிலேயே கழியும் நாள் எத்தனை, பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது, சாப்பாடு எப்படி என்று விசாரிப்பதே சரி. முதல் பயணத்துக்கு மூன்று, நான்கு இரவு போதும்.

அறை தேர்விலும் இதே அளவுகோல்தான். கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்க விரும்பும் பெரியவர்களுக்குப் பால்கனி அறையின் கூடுதல் விலை தகும். நாள் முழுக்க வெளியே ஓடும் பிள்ளைகளுக்குச் சன்னல் இல்லாத உள் அறையே போதும். குமட்டல் பயம் உள்ளவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் அறை கேட்க வேண்டும். அங்கே ஆட்டம் குறைவு. தளப் படத்தைப் பார்த்து, மேலும் கீழும் அறைகளே உள்ள இடமாகத் தேர்ந்தெடுத்தால் நடன அரங்கின் சத்தத்திலிருந்து தப்பலாம். சென்னையிலிருந்து போகிறவர்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை, புயல் காலத்தைத் தவிர்ப்பது நல்லது.

அப்படியானால் கப்பலில் போய் எந்த ஊரையுமே பார்க்க முடியாதா என்று கேட்கலாம். முடியும், இரண்டு வகை இடங்களை. ஒன்று, கப்பலின் மேல்தளத்திலிருந்தே பார்க்க வேண்டிய இடங்கள்: நார்வேயின் ஃபியோர்டுகள், அலாஸ்காவின் பனியாறுகள். அங்கே கப்பலே சரியான வாகனம். மற்றொன்று, ஊருக்குள்ளேயே கப்பல் நிற்கும் துறைமுகங்கள். பினாங்கில் இறங்கினால் ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களுக்கும், குட்டி இந்தியாவின் மகாமாரியம்மன் கோயிலுக்கும் நடந்தே போய்வரலாம். சென்னையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் போனபோது, கீரிமலை பக்கத்திலும் யாழ்ப்பாணம் இருபது கிலோமீட்டருக்குள்ளும் இருந்தன. இப்படிப்பட்ட பாதை கிடைத்தால் ஊரும் கிடைக்கும். தூர நகரங்களுக்குக் கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனால், பஸ் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும், விலைதான் அதிகம். சொந்தமாகக் கார் பிடித்துப் போய்த் தாமதமானால் கப்பல் கிளம்பிவிடும், அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் போய்ச் சேர வேண்டும்.

நோயும் கடலும்

பாதுகாப்பு பற்றிய அச்சத்தைப் புறந்தள்ள முடியாது. 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நிறுத்திவைக்கப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா தொற்றியது. மூடிய இடத்தில் பலர் சேர்ந்து உண்ணும்போது நோரோவைரஸ் போன்ற வயிற்று நோய்களும் வேகமாகப் பரவும். அதற்கு சானிடைசரை நம்பாமல் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கப்பலில் மருத்துவர் உண்டு, இலவசம் அல்ல. நடுக்கடலிலிருந்து ஒருவரை ஹெலிகாப்டரில் கரைசேர்க்க நேர்ந்தால் செலவு குடும்பத்தையே முடக்கிவிடும். அவசர வெளியேற்றத்தையும் உள்ளடக்கிய பயணக் காப்பீடு இல்லாமல் ஏறக் கூடாது. 2012இல் இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்த பிறகு, பாதுகாப்புப் பயிற்சியைக் கப்பல் புறப்படும் முன்பே அல்லது புறப்பட்ட உடனே நடத்த வேண்டும் என்று சர்வதேச விதி இறுகியது. அந்தப் பயிற்சியைச் சலிப்போடு தவிர்ப்பவர்கள் அந்த விதி எப்படி வந்தது என்பதை நினைக்க வேண்டும்.

சுற்றுச்சூழல் குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. எண்ணெய் கலந்த கழிவைக் கடலில் கொட்டி மறைத்ததற்காகப் பிரின்சஸ் நிறுவனம் 2016இல் அமெரிக்காவில் 4 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. 2021 ஆகஸ்டிலிருந்து இத்தாலி, வெனிஸின் கியுதெக்கா கால்வாயில் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களைத் தடுத்துவிட்டது. ஒரே காலையில் ஆயிரக்கணக்கானோரை இறக்கிவிட்டு மாலையில் அள்ளிக்கொண்டு போகும் கப்பலால் சிறு ஊர்கள் மூச்சுத் திணறுவது உண்மை. இது மனத்தை உறுத்தினால் போகாமலிருப்பதே நேர்மையான முடிவு. போவதென்று முடிவுசெய்தவர், ஏழு நாளில் ஆறு ஊர் என்ற ஓட்டத்தை விட்டு, பக்கத்துத் துறைமுகத்திலிருந்து குறுகிய, மெதுவான பயணத்தைத் தேர்ந்தெடுத்தால் பாதிப்பு குறையும், மறைந்துவிடாது. சூழலைப் போலவே ஊழியர்களையும் நினைக்க வேண்டும். கப்பல் ஊழியர்களில் இந்தியர் ஏராளம். டயமண்ட் பிரின்சஸில் சிக்கிய 138 இந்தியர்களில் 132 பேர் ஊழியர்கள், அவர்களில் தமிழர்களும் உண்டு. குடும்பத்தைப் பிரிந்து பல மாத ஒப்பந்தத்தில் உழைக்கும் அவர்களின் வருமானத்தில் டிப்ஸ் ஒரு பகுதி. சிக்கனம் பிடிக்க அதை நீக்கச் சொல்வதைவிட, புகைப்படத்தையும் மதுத் தொகுப்பையும் விட்டுவிடுவது மேல்.

மற்றவை எளிய முன்னேற்பாடுகள். சிங்கப்பூரில் ஏறி அங்கேயே திரும்புகிறவர், பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வான்கூவரில் ஏறி அலாஸ்கா போக கனடா, அமெரிக்கா இரண்டின் விசாவும் தேவை. விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது என்பதால் முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பெட்டி அறைக்கு வந்துசேர மாலையாகிவிடலாம். மருந்தும் பாஸ்போர்ட்டும் கைப்பையில் இருக்கட்டும்.

பணம் கட்டும் முன் வீட்டில் எல்லோரும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: வழியில் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கப்பல் திரும்பிவந்துவிடும் என்றால் அப்போதும் போவீர்களா? ஆம் என்றால் தயங்காமல் பதிவுசெய்யுங்கள். இல்லை என்றால் அதே பணத்தில் விரும்பிய ஒரே நகரத்துக்கு விமானத்தில் போய், நான்கு நாள் தங்கி, தெருத்தெருவாக நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.