வென்ற காசை யாரிடம் கேட்பது?

இணையப் போக்கர் மேசைக்கு ஆள் சேர்ப்பவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: இது லொத்தர் அல்ல, மூளை விளையாட்டு, சின்னப் பந்தயத்தில் தொடங்கினால் ஆபத்தில்லை. இதன் முதற்பாதி உண்மை. அதனால்தான் இரண்டாம் பாதியும் எளிதாக விலைபோகிறது. சீனக்குடாவிலும் உட்துறைமுகத்தைச் சுற்றியும் முறை மாறி வேலை செய்பவர்கள், வாடைக்காற்றில் படகைக் கரையேற்றிவிட்டுக் கடல் அடங்கும்வரை காத்திருப்பவர்கள் என, கையில் போனும் கொஞ்சம் ஓய்வும் உள்ளவர்களுக்குத் திருகோணமலையில் குறைவில்லை. அவர்களுக்கு இந்தப் பேச்சு நியாயமாகவே படும். திறமைக் கணக்கை முழுதாக ஏற்றுக்கொண்டே இதைப் பார்ப்போம். அப்படிப் பார்த்தாலும், எப்படி வெல்வது என்பதைவிட, வென்றதை யாரிடம் கேட்டு வாங்குவது என்பதே இங்கிருந்து ஆடுபவரின் பெரிய சிக்கல் என்பது என் வாதம்.

போக்கரின் அடிப்படைப் பாடத்தை ஒரே கையில் காட்டிவிடலாம். நாலு பொதுச் சீட்டுகள் விழுந்துவிட்டன. உங்கள் இரண்டையும் சேர்த்தால் ஆட்டினில் நாலு இருக்கிறது. ஐந்தாவது ஆட்டின் விழுந்தால் கை உங்களுக்கு. உங்கள் கண்ணுக்குத் தெரியாத 46 சீட்டுகளில் ஆட்டின் 9; வாய்ப்பு 20 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. நடுவில் 200 ரூபாய் கிடக்க, எதிராளி 100 கட்டுகிறார். அந்த 300ஐ எடுக்க நீங்கள் 100 போட வேண்டும். நாலில் ஒரு தடவையாவது ஆட்டின் விழுந்தால்தான் கட்டுபடியாகும். கணக்குத் தெரிந்தவர் சீட்டைக் கவிழ்ப்பார், ஆசைப்பட்டவர் காசைப் போடுவார். சின்ன மேசைகளில் இலாபம் வருவது அந்த ஆசைக்காரரிடமிருந்து. நல்ல கைகளை மட்டும் ஆடுவது, கடைசியாகப் பேசக் கிடைக்கும் இருக்கையில் கூடுதலாக ஆடுவது, வெறும் கையோடு மிரட்டுவதைக் குறைத்துப் பலமான கைக்குப் பெரிதாகக் கட்டுவது: அந்த மட்டத்துக்குரிய உத்தி பெரும்பாலும் இவ்வளவே. இனித் தளத்தின் தரகைச் சேருங்கள். ரேக் எனப்படும் அது சின்ன மேசைகளில் 5 வீதம் இருப்பது வழமை. 400 ரூபாயில் 20 போய்விட்டால், அதே 100 ரூபாயைப் போட 25 வீத வாய்ப்புப் போதாது, 26.3 வீதம் வேண்டும். வென்றவரின் குவியலிலிருந்து கழிவதால் தோற்றவருக்கு அது உறைப்பதில்லை. வென்ற சந்தோஷத்தில் மற்றவருக்கும் உறைப்பதில்லை.

இதை மணிக்கணக்கில் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகும். அமெரிக்க நாணயத்தில் ஒரு சதம், இரண்டு சதம் கட்டாயப் பந்தயமாக வைக்கும் மேசையே வழமையில் ஆகக் கீழ்ப்படி. அங்கே தரகு போக, 100 கைக்குப் பெரிய கட்டாயப் பந்தயத்தைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 10 சதம், சம்பாதிப்பவர் நல்ல ஆட்டக்காரர். மணிக்கு 75 கை ஆடினால் அவர் உழைப்பு ஏழரைச் சதம். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 23 ரூபாய்கூட இல்லை. ஒரு பிளேன்ரீக்குக் காணாது. ஐந்து மடங்கு பெரிய மேசைக்குப் போய் அதே விகிதத்தில் வென்றாலும் 112 ரூபாய்தான், ஆனால் அங்கே எதிரில் இருப்பவர்களும் தேர்ந்தவர்கள். இந்தக் கூலியாவது நிச்சயமா என்றால், அதுவும் இல்லை. ஆறு பேர் மேசையில் 100 கைக்கான நியம விலகலை 90 பெரிய கட்டாயப் பந்தயம் என்று எடுத்தால், மேலே சொன்ன நல்ல ஆட்டக்காரர் 10,000 கை ஆடிய பிறகும் நட்டத்தில் நிற்பதற்கு ஏறத்தாழ 29 வீத வாய்ப்பு உண்டு. பத்தாயிரம் கை என்றால் 130 மணித்தியாலத்துக்கு மேல். கணக்கைத் திருப்பிப் பிடித்தால் ஆபத்து எங்கே என்று விளங்கும்: அதே அளவு தோற்க வேண்டிய ஒருவரும் 10,000 கை முடிவில் இலாபத்தில் நிற்க அதே 29 வீத வாய்ப்பு இருக்கிறது. தனக்குத் திறமை உண்டென்று நம்பி, கடன் வாங்கிப் பெரிய மேசைக்குப் போகிறவர் பெரும்பாலும் இவர்தான்.

வென்றவர்களே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள்; சில நாடுகளில் அதையே தொழிலாகச் செய்தவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் வென்றது சீட்டு நேர்மையாகப் போடப்படும், காசு சொன்னபடி வரும் மேசைகளில். நம்மூரில் 304 ஆடும்போது யார் யாருக்குக் கூட்டாளி என்பது எல்லோருக்கும் தெரியும், கண்ணைக் காட்டினால் அந்த இடத்திலேயே சண்டை. இணைய மேசையில் இரண்டு பேர் போனில் பேசிக்கொண்டு ஒரே கையாய் ஆடினாலும் மற்ற நால்வருக்கும் தெரியப்போவதில்லை. எதிரில் இருப்பது மனிதரா என்பதும் தெரியாது. 2019இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் பேஸ்புக்கும் சேர்ந்து உருவாக்கிய புளூரிபஸ் என்ற நிரல், ஆறு பேர் மேசையில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. அதைப் பயிற்றுவிக்கத் தேவைப்பட்ட கணினி நேரத்தின் செலவு 150 டொலருக்கும் குறைவு என்று அதன் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். சின்ன மேசைக்காரரை வெல்ல அவ்வளவு கெட்டிக்கார நிரல்கூட வேண்டியதில்லை.

தளமே ஏமாற்றினால்? அதுவும் நடந்தது. 2007இல் அப்சலூட் போக்கர் தளத்தில் ஒரு கணக்குக்காரர் எல்லோருடைய சீட்டையும் பார்த்தபடி ஆடியது வெளிப்பட்டது. சந்தேகப்பட்ட ஓர் ஆட்டக்காரருக்குத் தளமே அனுப்பிய கோப்பில் அந்தப் போட்டியின் மறைசீட்டுகள் முழுவதும் இருந்ததால்தான் அவ்வளவு தூரமாவது பிடிபட்டது. 2011 ஏப்ரலில் அமெரிக்க அரசு பெரிய தளங்களை முடக்கியபோது, ஃபுல் டில்ட் உலகெங்கும் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது சுமார் 390 மில்லியன் டொலர், வங்கியில் இருந்ததோ சுமார் 60 மில்லியன். போக்கர் ஸ்டார்ஸ் அதை வாங்கியதால் பணம் திரும்பியது. அமெரிக்கர்களுக்கு அது கைக்கு வரத் தொடங்கவே 2014 ஆனது. அவ்வளவு பெரிய நிறுவனமே அப்படியென்றால், கிளப் செயலியில் வெறும் சிப்ஸ் மட்டும் ஓட, காசைத் தனியாக ஏஜென்ட் கையாளும் ஏற்பாட்டை யோசித்துப் பாருங்கள். ஏஜென்ட் காணாமல் போனால் செயலிக்காரர் சொல்லப்போவது, எங்களிடம் காசாட்டமே கிடையாது என்பதுதான். நீங்கள் வென்ற காசு முன்பின் தெரியாத ஒருவரின் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு வருவது இன்னும் ஆபத்து. அது வேறொரு மோசடியில் இழந்தவரின் பணமாக இருந்தால், 2006ஆம் ஆண்டின் பணம் தூயதாக்கல் தடைச் சட்டத்தின் கீழ் விசாரணை உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். கணக்கை வாடகைக்குக் கேட்பவருக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் நீதிமன்றமே இதைத் திறமை விளையாட்டு என்று சொல்லிவிட்டதே என்பார் உண்டு. சொன்னது உண்மை. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், மாநிலத்தின் 2022 சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும் ரம்மியையும் போக்கரையும் அதன் தடைப் பட்டியலிலிருந்து விலக்கியது. ஆனால் 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டு எல்லாவற்றையும் தடைசெய்தது. அப்போது அங்குள்ள நிறுவனங்கள், மீதிப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தன. அவற்றுக்கு உள்ளூர் முகவரி இருந்தது, வங்கிக் கணக்கு இருந்தது. இலங்கையிலோ நெடுங்காலம் இருந்தது 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம். 2025இல் நிறைவேறிய சூதாட்ட ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் இணையச் சூதாட்டத்தையும் வரையறைக்குள் கொண்டுவந்தது. இனி இதெல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்குக் கேள்வி ஒன்றுதான்: நீங்கள் ஆடும் தளம் இலங்கை உரிமம் காட்டுகிறதா? வெளிநாட்டுத் தீவொன்றின் உரிம இலக்கம் இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது. சூதாட்டக் கடனை வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது என்பது நம் நாட்டின் ரோமன்-டச்சு வழிவந்த பழைய சட்டநிலை. அது இருபக்கமும் வெட்டும். உரிமமில்லாத தளத்திடமிருந்து வென்றதை வழக்கால் வாங்குவது மிகக் கடினம். ஆட்டத்தில் விழுந்த பாக்கிக்காக ஏஜென்ட் உங்களை மிரட்டினால், அவருக்கும் சட்டம் துணை நிற்காது. மிரட்டல் தனிக் குற்றம், அதற்குப் பொலிஸுக்குப் போகலாம்.

பணம் போய்விட்டதென்றால் முதல் சில மணித்தியாலங்களே முக்கியம். செய்திகள், கட்டிய சிலிப், தளத்தின் முகவரி, ஏஜென்டின் கணக்கு இலக்கம் எல்லாவற்றையும் திரைப்பிடிப்பாக எடுத்து வைத்துவிட்டு வங்கியிடம் எழுத்தில் முறையிடுங்கள். உங்கள் அனுமதியின்றிக் கழிந்த தொகைக்கும் நீங்களே அனுப்பிய தொகைக்கும் வங்கி தரும் பதில் ஒன்றாக இராது; எது எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். வங்கியின் பதில் சரியில்லையென்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவு, தொலைபேசி 1935. கணக்கு ஊடுருவப்பட்டிருந்தால் இலங்கை செர்ட், 101. கிரிப்டோவாகக் கட்டச் சொன்னால் அங்கேயே நில்லுங்கள்: வங்கி அட்டைகளால் மெய்நிகர் நாணயத்துக்குப் பணம் செலுத்த 2021 முதல் அனுமதியில்லை, அனுப்பியதைத் திருப்பியெடுக்க எந்த வங்கியாலும் முடியாது. ஆடியதற்காக நானே மாட்டிக்கொள்வேனோ என்ற பயத்தில் பேசாமல் இருப்பதை ஏஜென்டுகள் நன்றாகவே எண்ணி வைத்திருக்கிறார்கள். பயமிருந்தால் முதலில் ஒரு சட்டத்தரணியையோ சட்ட உதவி ஆணைக்குழுவையோ கேட்டுவிட்டுப் பொலிஸுக்குப் போங்கள். கிழக்கு மாகாணத்தில் நிர்வாக மொழி தமிழ். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதக் கேட்பது உங்கள் உரிமை, வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்காதீர்கள். தோற்றதைப் பிடிக்கவே ஆடிக்கொண்டிருப்பவருக்கு வேண்டியது வேறு உதவி: உலக சுகாதார அமைப்பு இதை நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறது, தேசிய மனநல நிறுவகத்தின் 1926ஐ எந்நேரமும் அழைக்கலாம். முறைப்பாடு செய்த சில நாளில், போன காசை மீட்டுத் தருகிறேன், முதலில் கொஞ்சம் கட்டணம் கட்டுங்கள் என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் வருவார். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறி விற்கப்படுவதால் அவருக்கு உங்கள் பெயரும் இழந்த தொகையும் தெரிந்திருக்கலாம். பொலிஸோ மத்திய வங்கியோ பணத்தை மீட்டுத் தர முன்கட்டணம் கேட்பதில்லை.