ஒரே அச்சில் வார்த்த பகைவர்கள்

1988-இல் இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் ‘அடெப்டஸ் டைட்டானிகஸ்’ என்றொரு மேசைப்போர் விளையாட்டை வெளியிட்டது. மோதுபவை டைட்டன்கள்: கதைப்படி மாடிக்கட்டடங்களைவிட உயரமான போர் இயந்திரங்கள், மேசையிலோ விரல் நீளப் பிளாஸ்டிக் பொம்மைகள். பெட்டிக்குள் ஆறு டைட்டன்கள் இருந்தன. ஆறும் ஒரே அச்சில் வார்த்தவை. எதிரிக்கென்று இன்னொரு அச்சு செய்யச் செலவு கட்டுப்படியாகவில்லை.

இரு பக்கமும் ஒரே உருவம் நிற்க வேண்டும் என்றால், சண்டைக்கு என்ன காரணம் சொல்வது? ஜெர்விஸ் ஜான்சன் வடிவமைத்த அந்த விளையாட்டு, உள்நாட்டுப் போர் என்று பதில் சொன்னது. பேரரசரின் தளபதி ஹோரஸ் கலகம் செய்ய, ஒரே சேனை இரண்டாகப் பிளந்தது. அடுத்த ஆண்டே அதே சிறிய அளவில் ‘ஸ்பேஸ் மரீன்’ வந்தது. அதிலும் அண்ணன் தம்பிச் சண்டைதான்.

அச்சுச் செலவால் பிறந்த இந்தப் பகை, 1987-இலேயே வந்திருந்த மூத்த விளையாட்டான ‘வார்ஹாமர் 40,000’-க்குள் வேர்விட்டது. கலகம் நடந்து பத்தாயிரம் ஆண்டு கழித்து நடக்கிறது அதன் கதை. தோற்றோடிய துரோகிகள் அங்கே ‘கேயாஸ் ஸ்பேஸ் மரீன்’ என்ற தனித் தரப்பானார்கள். தோளில் முட்கள், கவசத்தில் கொம்புகள் என்று உருவமும் மாறியது. 2006 முதல் கலகத்தைப் பற்றி ஐம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் வந்தன. 2012-இல் அந்தக் கலகக் காலத்துக்கே தனி விதிநூல் வந்தது. இந்த விளையாட்டு உலகின் ஆகச் சிறந்த கதை இதுதான் என்பேன். கையில் இருப்பதை வைத்தே கதை கட்ட வேண்டிய நெருக்கடி அதற்கு அந்த வலுவைக் கொடுத்தது.

எல்லாத் தரப்பும் இப்படி இடம்பெயர்வதில்லை. 1995-இல் வந்த ‘நெக்ரோமுண்டா’ அதே கதையுலகில் ஒரு தொழில்நகரத்தின் அடித்தளத்தில் நடக்கும் கும்பல் சண்டை. பத்துப் பேர் கொண்ட கும்பலில் ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு, காயம் உண்டு, அடுத்த ஆட்டம் வரை தொடரும் தழும்பும் உண்டு. எஷர், கோலியாத் போன்ற கும்பல் குடிகளுக்கு ‘வார்ஹாமர் 40,000’-இன் பெரும்போரில் தனிச் சேனை தரப்படவில்லை. தந்திருந்தால் அந்தத் தழும்புகளைக் கணக்கில் வைப்பவர் யார்?

சில தரப்புகளுக்கு வாசலை அடைப்பது நிறுவனமேதான். அதன் இன்னொரு விளையாட்டான ‘வார்ஹாமர்’ நடந்த மாயஉலகம் 2015-இல் கதைப்படி அழிக்கப்பட்டு, ‘ஏஜ் ஆஃப் சிக்மர்’ தொடங்கியது. பிரெட்டோனிய குதிரைவீரர்கள் நாளடைவில் விற்பனையிலிருந்தே மறைந்தார்கள். எலிமாந்தர்களான ஸ்கேவன்களோ புதிய உலகத்திலும் செழித்தார்கள். 2024-இல் பழைய மண்ணை மீட்டு ‘தி ஓல்ட் வேர்ல்ட்’ வந்தபோது நிலைமை தலைகீழானது. பிரெட்டோனியர்கள் முதல் வரிசையில் திரும்பினார்கள். ஸ்கேவன்களுக்கு இலவசமாக ஒரு படைப்பட்டியல் மட்டும் தந்து ஓரங்கட்டினார்கள். பொம்மைகள் நின்ற பழைய சதுர அடித்தட்டைப் புதிய விளையாட்டுக்காக மாற்றாமல் எலிப்படையைப் பாதுகாத்து வைத்திருந்தவர்களுக்கு இது நியாயமான முடிவாக எனக்குத் தோன்றவில்லை. அந்த மண்ணுக்கடியில் சுரங்கம் தோண்டி வாழ்ந்ததே ஸ்கேவன்கள்தானே.