பகிடிவதையும் அதன் நியாயங்களும்

பிறரைத் துன்புறுத்துவோர் தம்மைத் தீயோர் என்று எண்ணுதல் அரிது. செயலுக்கு முன்னரே அதற்குரிய நியாயத்தைத் தேடிக்கொள்ளுதல் மனத்தின் இயல்பு. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் வேரூன்றிய பகிடிவதை இதற்குத் தக்க சான்றாகும்.

1997ஆம் ஆண்டிலே பேராதனைப் பல்கலைக்கழகத்து மாணவரொருவர் பகிடிவதையின் விளைவாக உயிர்துறந்தார். மறு ஆண்டிலே, கல்வி நிறுவனங்களில் பகிடிவதையைத் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. உடற்காயம் மட்டுமன்றி, மனவேதனையும் அச்சமும் விளைத்தலும் அச்சட்டத்தின்படி குற்றமே. தண்டனை 2 ஆண்டு வரை கடூழியச் சிறை. பாலியல் துன்புறுத்தலோ கொடுங்காயமோ நேரின் 10 ஆண்டு வரை. ஆயினும் வதை ஒழிந்திலது. 2020இல் பெருந்தொற்றினால் விரிவுரைகள் இணையவழியாயின. பகிடிவதையும் கைப்பேசி வழியே புதியோர்தம் இல்லத்தினுள் நுழைந்தது. நள்ளிரவிலும் கட்டளை வரும். கட்டளையிடுவோர் மறுபுறத்துக் கண்ணீரைக் காண்பதில்லை.

இதன் வேர் அதிகார வேட்கையே. சென்ற ஆண்டிற் பணிந்து நின்றவன் இவ்வாண்டு தன் ஓராண்டு மூப்பையே ஆட்சியாகக் கொள்கின்றான். இன்ன உடை உடுத்து, இன்னாரோடு பேசாதே, அழைத்தவுடன் மறுமொழி சொல் என்பன அற்பக் கட்டளைகள். பணிகின்றானா என்று பார்ப்பதே அவற்றின் நோக்கம்.

இளங்குற்றவாளிகள் தம் மனச்சாட்சியை அடக்கும் வழிகளை அமெரிக்க அறிஞர்களான சைக்சும் மாட்சாவும் 1957இல் ஐந்தாக வகுத்தனர். அவ்வைந்தும் இங்கே ஒலிக்கக் கேட்கலாம். “மூத்த அணியினர் சொன்னார்கள், செய்தோம்” என்பது பொறுப்பை மறுத்தல். “வெறும் பகிடிதானே” என்பது தீங்கை மறுத்தல். வதையின் பெயரிலேயே இச்சாட்டு ஒட்டிக்கொண்டுள்ளது. “தலைக்கனம் பிடித்தவன், அவனுக்கு வேண்டும்” என்பது துன்புற்றோனையே குற்றவாளியாக்குதல். “விரிவுரையாளர் மட்டும் யோக்கியரோ?” என்பது கண்டிப்போரைக் கண்டித்தல். “ஏற்றத்தாழ்வு போக்கி ஒற்றுமை வளர்க்கின்றோம்” என்பது உயர்ந்த பற்றொன்றைக் காட்டித் தப்புதல். இறுதியதே மிகக் கொடியது. நல்ல பிள்ளைகளையும் மயக்க வல்லது. அச்சத்தினால் ஒற்றுமை வளருமாயின், சிறைச்சாலையே அதன் கோயிலாதல் வேண்டும்.

பழைய மாணவர் கூடுமிடத்தில், தாம் பட்ட வதையைப் பழங்கதையாகச் சிரித்துப் பேசுவோர் உளர். “நாங்களும் பட்டோம், கெட்டா போனோம்?” என்னும் அவ்வொரு சொல் இளையோர்க்கு அனுமதிச் சீட்டாகின்றது. சட்டம் தடுக்க முற்படுவதைப் பெரியோரின் சிரிப்பு வளர்க்கலாகாது. நம் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகம் புகும் பிள்ளைகளுக்கு நாம் ஒன்று சொல்லியனுப்புவோம்: தாம் பெற்ற துன்பத்தைப் பின்வருவோர்க்குக் கையளியாது தம்மோடு நிறுத்துவதே மூத்தோர்க்கு அழகு.