குளத்துப் பூவின் அளவை யார் தீர்மானிப்பது?

தரம் 6இல் தேசிய மலரை வரையச் சொன்னார்கள். அடர் ஊதா நிறத்தில், இதழ் நிறைந்த பெரிய அல்லி ஒன்றைத் தீட்டிப் பரிசும் வாங்கினேன். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும்போதுதான் நான் வரைந்தது நம் தேசிய மலரே அல்ல என்று தெரிந்தது. எங்கே தவறினேன்? அதை அறிய, ஒரு பூவின் அளவும் தோற்றமும் எங்கிருந்து வருகின்றன என்று முதலில் பார்ப்போம்.

தம்புள்ளைப் பக்கத்துக் குளம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே நீர், ஒரே வெயில். தாமரைப் பூ 20 சென்ரிமீற்றருக்கும் மேல் விரியும். அல்லி உள்ளங்கை அளவில் நின்றுவிடும். கரையோரத்தில் பச்சைத் தூள் தூவியதுபோல் மிதக்கும் லெம்னாவும் பூக்கும் தாவரந்தான். ஆனால் அதன் பூவைப் பார்க்கக் கைவில்லை வேண்டும். சூழல் மட்டுமே காரணம் என்றால் இத்தனை வேறுபாடு ஏன்?

முதற் காரணம் கூர்ப்பு வழி வந்த பரம்பரை. லெம்னா, சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. சேம்பு இடுப்பளவு உயர்ந்தாலும் அதன் பூக்கள் மிகச் சிறியவை. பாளைக்குள் ஒரு தண்டில் நெருக்கமாக ஒட்டியிருக்கும். இச்சிறு பூக்களின் வழியில் வந்த லெம்னா, உடல் சுருங்கியபோது பூவையும் மேலும் சுருக்கிக்கொண்டது.

ஆனால் பரம்பரை மட்டும் போதாது. தாமரையும் அல்லியும் சகோதரிகள் போலத் தெரியும். மரபணு ஆய்வுகள் சொல்வது வேறு: அவற்றின் வழிகள் பிரிந்து பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேலாகின்றன. தாமரையின் நெருங்கிய உறவுகளுள் ஒன்று, தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக நிற்கும் சபுக்கு மரம்! சபுக்கின் பூக்களோ சிறியவை. தூரத்து உறவான தாமரையும் அல்லியும் நீர் வாழ்க்கையில் ஒரே வழியைக் கண்டன: வண்டுக்கும் தேனீக்கும் தொலைவிலேயே தெரியும்படி பெரிய பூவை நீருக்கு மேல் காட்டுவது. அகன்ற இதழ்கள் நீரை ஆவியாக இழக்கும். வரண்ட நிலத்தில் அது பெருஞ்செலவு; குளத்தில் அந்தக் கவலை குறைவு.

அதே குளத்தின் ஐதரில்லா பூச்சிகளை நம்புவதில்லை. அதன் ஆண் பூக்கள் செடியிலிருந்து கழன்று நீர்ப்பரப்புக்கு மிதந்து வருகின்றன. எவரையும் அழைக்க வேண்டியதில்லை. ஆகவே அதன் பூ சில மில்லிமீற்றரே.

ஒரே இன அல்லியிலும் அளவு மாறும். நிழலில், சிறு தொட்டியில் வளர்ந்தால் பூ சிறுக்கும். நல்ல வெயிலும் வளமான சேறும் கிடைத்தால் பெருக்கும். ஆக, பரம்பரை எல்லையை வகுக்கிறது. அந்த எல்லைக்குள் சூழல் கூட்டிக் குறைக்கிறது.

இனி என் ஓவியத்துக்கு வருகிறேன். 1986இல் நீலோற்பலம் இலங்கையின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. உண்மையான நீலோற்பலம் வெளிர் நீலமானது, இதழ்களும் அளவானவை. பல படங்களிலும் நூல்களிலும் அதன் பெயரில் இடம்பிடித்த ஊதா அல்லி, அயல்நாட்டு இனங்கள் கலந்து உருவானது எனப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். அழகுக்காகத் தடாகங்களில் நட்ட அது, இயற்கை நீர்நிலைகளிலும் பரவியிருக்கிறது. அதன் பகட்டில் நாம் மயங்கினால், நமது பூ நம் கண்முன்னே மறைந்தாலும் அறியமாட்டோம்.

சகோதரிகளே, அடுத்த முறை குளக்கரைக்குப் போகும்போது பூவைப் பறிக்காமல் நின்று பாருங்கள். நிறம் என்ன, இதழ்கள் எத்தனை, எவ்வளவு அகலம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெற்றோர்களே, வீட்டுத் தொட்டிக்கு அல்லி வாங்கினால் அது எந்த இனம் என்று கேட்டு வாங்குங்கள். அதைக் குளத்தில் விடாதீர்கள்.

என் பழைய ஓவியம் இன்னும் வீட்டுச் சுவரில் இருக்கிறது. ‘தேசிய மலர்’ என்ற சொற்களை அடித்துவிட்டு, ‘கலப்பின அல்லி’ என்று இப்போது எழுதிவைத்திருக்கிறேன்.